கட்டையான தோட்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆவணியில் ஒருநாள் காலை பத்தரை மணி. திருகோணமலையில், உவர்மலை வீட்டு விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தேன். ஹூஸ்டனில் அப்போது நடுச்சாமம். அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடை மேசையில் இரண்டு தோட்டாக்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கீழே ஒரு வரி: "சின்ன மாமா, ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது. இடப்பக்கத்துது கட்டையாத் தெரியுதா, இல்லாட்டி எனக்குத்தான் அப்பிடியா?"

கட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் முப்பத்தொரு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு 'தெரியுது' போதாது. "ஒரு வேணியர் இடுக்கி வாங்கி அளந்து அனுப்பு" என்று எழுதினேன். அடுத்த நாள் அளவுகள் வந்தன. ஒன்று 28.6 மில்லிமீற்றர், மற்றது 27.9.

அந்த 0.7 மில்லிமீற்றரில் தொடங்கி ஏழு மாதம் நாங்கள் இருவரும் போனிலேயே ஓர் ஆய்வு செய்தோம். சுட்டதெல்லாம் அவன், அங்கே. கணக்குப் பார்த்ததும் குறை சொன்னதும் நான், இங்கே. நான் வாழ்க்கையில் ஒரு துவக்கும் சுட்டதில்லை. சத்தத்தை வைத்தே இன்ன ரகம், இன்ன திசை என்று சொல்லத் தெரிந்த தலைமுறை என்னுடையது. ஆனால் அது கேட்டவனின் அறிவு, சுட்டவனின் அறிவு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொற்களையும் ஒருதரம் பிரித்துக்கொள்வோம். பத்திரிகைகள் 'ரவை' என்று எழுதும்போது சில நேரம் முழுத் தோட்டாவையும் சில நேரம் பறந்துபோய்ப் படுகிற துண்டையும் சொல்கின்றன. இங்கே தோட்டா என்பது முழுச்சாமான். பித்தளைக் கூடு கோது. அடியில் தட்டினால் பற்றுவது கேப்பு. உள்ளே இருப்பது மருந்து. பறப்பது சன்னம். இந்த நாலு பாகங்களில் எது எங்கே பழுதானது என்று தெரியாவிட்டால் 'தோட்டா சரியில்லை' என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

ஆள், கடை, துவக்கு

மருமகன் ஹூஸ்டனில் பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த சிறு கடை நடத்துகிறான். இரவு பன்னிரண்டு வரை திறந்திருக்கும். டெக்சாஸில் 2021 செப்ரெம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கூடக் கொண்டு திரியலாம். அவன் அதற்கு முன்பே முறைப்படி வகுப்புக்குப் போய்ப் பத்திரம் எடுத்தவன். வைத்திருப்பது 9 மில்லிமீற்றர் பிஸ்டல் (அது சன்னத்தின் விட்டம்), குழல் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. இந்தக் குட்டைக் குழல் பின்னால் பெரிய விசயமாக வரும்.

கடையின் பின்சுவர் ஜிப்சம் பலகை. அதற்கு அப்பால் துணி வெளுக்கும் கடை, அங்கேயும் இரவில் ஆள் இருக்கும். என்னைக் கேட்டால், தோட்டாத் தெரிவில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான்.

பெரிய மாமாவின் தோல் வார்

படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆடியில், மருமகன் பிள்ளைகளோடு திருமலைக்கு வந்திருந்தான். கச்சான் காற்று வாரியடிக்கிற காலம். நிலாவெளி, கன்னியா, கோணேசர் கோயில், கோட்டைக்குள் மான்கள் என்று பிள்ளைகளுக்கு எல்லாம் காட்டியாயிற்று. ஒருநாள் பின்னேரம் அண்ணர் தன் ரிவோல்வரை எடுத்துக் காட்டினார்.

அண்ணருக்குத் தம்பலகாமத்தில் அரிசி ஆலை. வெட்டுக் காலத்தில் நெல் வாங்கக் கையில் காசு கொண்டு திரிய வேண்டும். அதற்காக 2012இல், தனிப்பட்ட பாதுகாப்பு என்ற வகையில் .38 ரிவோல்வர் ஒன்றுக்கு அனுமதி எடுத்தார். நம் நாட்டில் இந்த விசயத்துக்கு அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். தோட்டத்துக்கும் வயலுக்கும் வேட்டைத் துவக்கு வைத்திருப்பவர் மாவட்டச் செயலகத்துக்குப் போவார், கைத்துப்பாக்கிக்காரர் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். எந்தத் தோட்டா நல்லது என்று தெரிவு செய்கிற பேச்சு அண்ணருக்கு இருக்கவேயில்லை. கிடைத்தது பன்னிரண்டு. வட்ட மூக்கு ஈயச் சன்னம், 158 கிறெயின், அதாவது ஏறக்குறைய 10 கிராம். ஆறு துவக்குக்குள், ஆறு இடுப்பு வாரின் தோல் வளையங்களுக்குள். அப்படியே பன்னிரண்டு வருடம்.

வாரிலிருந்து ஒன்றை உருவிய மருமகன் முகத்தைச் சுளித்தான்.

"பெரிய மாமா, இது பாசி பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

"அது வெளியாலதான். உள்ளுக்கு நல்ல சாமான்."

"கடைசியா எப்ப சுட்டனீங்கள்?"

"நான் ஏனடா சுட? ஆலையில ஆரைச் சுடுறது?"

சிரித்துவிட்டோம். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். துவக்குக்குள் கிடந்த ஆறும் மங்கி, பழுப்பேறி இருந்தன, அவ்வளவுதான். வாரில் கிடந்த ஆறிலும் பச்சைப் பொருக்கு. ஒரே பெட்டி, ஒரே வீடு, ஒரே உப்புக்காற்று, ஒரே பன்னிரண்டு வருடம். வேறுபட்டது தோல் மட்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மெனக்கெட்டு அமைத்தாலும் இவ்வளவு துப்பரவான பரிசோதனை வாய்க்காது.

காரணம் கடினமில்லை. கோதுப் பித்தளையில் பத்துக்கு ஏழு பங்கு செம்பு, மூன்று பங்கு நாகம். பதனிட்ட தோலில் அமிலத் தன்மையுள்ள பொருட்கள் தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்திருக்கும். வாடைக் காலத்தில் எங்கள் வீட்டில் உப்புப் போத்தலே கசியும். தோல் எப்படிக் காயும்? செம்பு பச்சையாகப் பூத்துவிட்டது. பொருக்குத் தடித்தால் தோட்டா, அது வெடிக்கிற இடமான துவக்கின் அறைக்குள் முழுதாக இறங்காது. இறங்கினாலும் சுட்ட பிறகு கோது கழராது. அரிப்பு ஆழமானால் கோதின் சுவரே பலவீனப்படும்.

அண்ணர் இன்னொரு கைங்கரியமும் செய்து வந்திருக்கிறார். மினுங்க வேண்டும் என்று மாதம் ஒருதரம் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். கேப்பின் விளிம்பால் எண்ணெய் உள்ளே ஊறினால் அது பற்றாமல் போகலாம். அரைகுறையாகப் பற்றினால் அதைவிட மோசம்: சன்னம் குழலின் நடுவில் நின்றுவிடும். சுடுகிறவன் பதற்றத்தில் அடுத்ததையும் தட்டினால் குழல் வெடிக்கக்கூடும். அக்கறையோடு எண்ணெய் போட்டவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருமகன் சொன்னான். அண்ணர் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

0.7 மில்லிமீற்றர்

பெரிய மாமாவைக் குறை சொன்னவன் வீட்டுக்குத் திரும்பியதும் தன்னுடையதையும் எடுத்துப் பார்த்தானே, அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். அங்கே பச்சை இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு தோட்டா மட்டும் கட்டை.

அவன் வழக்கத்தைக் கேட்டதும் விளங்கியது. வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் ஒவ்வொரு இரவும் பிஸ்டலை வெறுமையாக்கிப் பெட்டகத்தில் வைக்கிறான். காலையில் மகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைத்த கூட்டை, போட்டு மேல் தோட்டாவை அறைக்குள் ஏற்றுகிறான். இரவு கழற்றியதைத் திரும்ப மகசினின் உச்சியிலேயே வைக்கிறான். ஆக, மற்றதெல்லாம் சும்மா இருக்க, ஒரே தோட்டா நாள்தோறும் அடி வாங்குகிறது. ஏறும்போது சன்னத்தின் மூக்கு குழல்வாய்ச் சரிவில் மோதும். இரண்டு மூன்று தடவைக்கு ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கில் என்றால் கோதின் பிடி தளர்ந்து சன்னம் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

0.7 மில்லிமீற்றர் என்ன பெரிய காரியமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சன்னத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 64 சதுர மில்லிமீற்றர். 0.7ஆல் பெருக்கினால் 45 கன மில்லிமீற்றர். சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு துளித் தண்ணீர்தான். ஆனால் சன்னத்துக்குக் கீழே மருந்து எரிவதற்கு இருக்கும் இடமே அரை மில்லிலீற்றர் அளவு. அதில் ஒரு துளி குறைந்தால் பத்திலொன்றுக்குக் கிட்டக் குறைகிறது. மருந்தோ அதே அளவு, எரியும் வேகமோ அமுக்கம் கூடக் கூட ஏறுவது. அதனால் அமுக்கம் இடத்தின் விகிதத்துக்கு ஏறாது, அதைவிட வேகமாக எகிறும். 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழிற்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல். வளிமண்டல அமுக்கத்தின் 2,300 மடங்குக்கு மேல். அந்த வரம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு துளிக்கணக்கில் விளையாடக் கூடாது.

கட்டையானதைச் சுட்டுப் பார்க்கட்டோ என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சுடுதளத்தில் பழுதுபட்ட தோட்டாக்களைப் போடுவதற்கென்று பெட்டி வைத்திருப்பார்கள், அதில் போட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஏற்றிய தோட்டாவின் அடியில் மை அடையாளம் வைக்கிறான். இரண்டாவது அடையாளம் விழுந்தால் அது பயிற்சிக்குப் போய்விடும். மாதமொருமுறை வேணியர்.

பெட்டியில் எழுதியிருப்பது

அப்புறம்தான் கேட்டான், "இவ்வளவு பார்த்திட்டம், வாங்கிற சாமானே சரியோ எண்டும் பாப்பமே, மாமா."

அமெரிக்காவில் இது கடல். தற்காப்புத் தோட்டா என்றாலே நுனியில் குழி விட்ட சன்னம், 'ஹொலோ பொயின்ற்'. உடலின் ஈரத்தில் புகும்போது குழிக்குள் அமுக்கம் ஏறி, சன்னம் பூப்போல விரியும். விரிந்தால் அகலமான வழி, வேகமான நிறுத்தம், மறுபக்கத்தால் வெளியேறும் ஆபத்துக் குறைவு. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரில் தடை செய்தது இந்த வகையைத்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் செய்ததால் 'டம்டம் குண்டு' என்ற பெயர் வந்தது. போருக்குத் தடை, உள்நாட்டுப் பொலிஸ் பாவனைக்குத் தடையில்லை. முதலில் விசித்திரமாகப் பட்டது. பின்சுவருக்கு அப்பால் துணி வெளுக்கிறவர் ஞாபகம் வந்ததும் விசித்திரம் குறைந்தது.

பெட்டிகளில் சக்தியைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 115 கிறெயின் சன்னம், 7.45 கிராம், நொடிக்கு 360 மீற்றர் என்றால் 480 யூல். பெரிய எண்தான். ஆனால் அந்த எண்ணிலிருந்து 'ஆளைத் தூக்கி எறியும்' என்று ஊகிப்பது படக் கொட்டகைப் பௌதிகவியல். உந்தத்தைப் பாருங்கள்: 0.00745 ஐ 360 ஆல் பெருக்கினால் 2.7. மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் உந்தம் 6.2. பந்து பட்ட துடுப்பாட்டக்காரர் பறந்துபோய் விழுவதில்லை. சன்னம் ஆளைத் தள்ளுவதில்லை, துளைக்கிறது. கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு ஆழம்?

இந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1986 ஏப்ரல் 11, மயாமி. எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர், எதிரே வங்கிக் கொள்ளையர் இருவர். இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீற்றர் சன்னம் ஒன்று இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அது இலேசான, வேகமான, நன்றாக விரியும் 115 கிறெயின் சன்னம். செய்யச் சொன்னதைச் செய்தது, விரிந்தது. ஆழந்தான் போதவில்லை. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான்.

அதன் பின் எஃப்.பி.ஐ. வைத்த அளவுகோல், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலற்றின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 45 சென்றிமீற்றர். மெல்லிய மனிதனுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு என்று நானும் கேட்டேன். மனிதன் நேராக நின்று மார்பைக் காட்டமாட்டான். கை குறுக்கே வரும், பக்கவாட்டாகத் திரும்புவான், உடுப்பு இருக்கும். பிறகு அவர்கள் 10 மில்லிமீற்றருக்குப் போய், .40 அங்குலத்துக்குப் போய், சன்னங்களின் வடிவமைப்பு முன்னேறியதும் சென்ற பத்தாண்டின் நடுவில் திரும்ப 9 மில்லிமீற்றருக்கே வந்தது தனிக்கதை.

ஜெலிக் கட்டி

மருமகனும் ஒரு கூட்டாளியும் சுடுதளத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஜெலற்றின் கட்டிகள் செய்தார்கள். நிறையில் 10 வீதம் ஜெலற்றின், வெப்பநிலை 4 பாகை செல்சியஸ். தேர்வுக்கு நாலு வகை: இலேசான 115 கிறெயின் குழிச் சன்னம், நடுத்தரமான 124, பாரமான 147, ஒப்பீட்டுக்குப் பயிற்சிக்குச் சுடும் முழுக்கவச வட்ட மூக்கு, அதாவது ஈயத்தை உலோக உறை மூடிய, குழியில்லாத சன்னம். முன்னால் நாலு மடிப்பு டெனிம் துணி. துணி ஏன் என்றால், குழிக்குள் துணி அடைபட்டால் பூ விரியாது. விரியாத குழிச் சன்னம் வெறும் வட்ட மூக்குச் சன்னந்தான்.

முதல் நாள் முடிவுகள் அருமையாக வந்தன. 115 போனது 33 சென்றிமீற்றர், வரம்புக்குள். அதுதான் விலையும் மலிவு. பெடியன் துள்ளிக்கொண்டு போன் எடுத்தான்.

"ஜெலியைச் சோதிச்சனியோ?" என்று கேட்டேன்.

"ஜெலியாலதானே மாமா சோதிக்கிறம்?"

அளவுகோலை அளக்காமல் அளப்பது. என் மாணவர்களும் இப்படித்தான், வேணியரின் பூச்சிய வழுவை, ஒன்றும் அளக்காதபோதே அது காட்டும் பிழையை, பார்க்கமாட்டார்கள். ஜெலற்றினுக்கும் பூச்சிய வழு உண்டு. 4.5 மில்லிமீற்றர் உருக்குக் குண்டை, நொடிக்கு 180 மீற்றர் வேகத்தில் காற்றுத் துவக்கால் கட்டிக்குள் சுட்டால் அது 8.5 சென்றிமீற்றர் போக வேண்டும், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அதற்கு வெளியே போனால் கட்டி தவறு. அவர்கள் மீதிக் கட்டியில் அதைச் செய்து பார்த்தபோது 11 போனது. டெக்சாஸ் புரட்டாசி வெயிலில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, படம் எடுத்து, கதைத்து, கட்டி இளகிவிட்டது. இளகிய ஜெலியில் எல்லாச் சன்னமும் ஆழமாகத்தான் போகும். ஆழம் போதாதது தேறிவிடும்.

முதல்நாள் அளவுகள் அத்தனையையும் வெட்டச் சொன்னேன். இருநூறு டொலர் போச்சு என்று முனகினான். வெட்டினான்.

மூன்று கிழமைக்குப் பின் இரண்டாவது தடவை, அதிகாலையில், ஒவ்வொரு கட்டியையும் குண்டால் சோதித்துவிட்டு, வகைக்கு ஐந்து சூடு. 115 சராசரி 27 சென்றிமீற்றரில் நின்றது, விரிவு பார்க்க வடிவாக இருந்தாலும் தேறவில்லை. 124 ஐந்தும் 34க்கும் 38க்கும் இடையில், எல்லாம் விரிந்தன. 147இல்தான் எனக்குச் சுவாரசியம். மூன்று அழகாக விரிந்து 42 அளவில் நின்றன, இரண்டு விரியவேயில்லை, 55ஐத் தாண்டிப் போயின. பாரமான சன்னத்துக்கு வேகம் முதலே குறைவு. நாலு அங்குலத்துக்கு மேற்பட்ட குழலை நினைத்து வடிவமைத்ததை மூன்று அங்குலக் குழலால் சுட்டால் இன்னும் குறையும். துணியும் குழியை அடைத்தால் விரிவதற்கு வேண்டிய வேகம் இல்லாமல் போகிறது. சன்னம் கெட்டதல்ல, இந்தக் குழலுக்கு அது பொருந்தவில்லை. அதே 147 அவன் கூட்டாளியின் நீளக் குழலில் ஐந்துக்கு ஐந்து விரிந்தது.

முழுக்கவசம் 60 சென்றிமீற்றரையும் தாண்டிக் கட்டியின் பின்னால் வெளியேறியது. துணி வெளுக்கும் கடை.

வத்தகப்பழத்தைச் சுட்டும் தண்ணீர்க் கான்களை வரிசையாக வைத்துச் சுட்டும் பார்ப்பவர்கள் உண்டு. கூட்டாளியும் அதையெல்லாம் செய்து வீடியோ எடுத்தான். வத்தகப்பழம் வெடித்தது. வத்தகப்பழம் எதற்கும் வெடிக்கும்.

ஐம்பது சுட்டேன், ஒன்றும் தவறவில்லை

124ஐத் தெரிவு செய்தான். ஜெலிக்கு எவரும் படம் எடுப்பார்கள், அடுத்த கட்டத்துக்கு யாரும் படம் எடுப்பதில்லை. தோட்டா அவனுடைய துவக்கில், அவனுடைய மகசினில் ஒழுங்காக ஏறி, வெடித்து, கோது வெளியே வருகிறதா? நல்ல தோட்டா இருபது கொண்ட பெட்டியாக வருகிறது, ஒன்று ஒரு டொலருக்கு மேல். பெரும்பாலானோர் ஒரு பெட்டியைச் சுட்டு, தடங்கல் இல்லையென்றால் 'நம்பலாம்' என்று விடுகிறார்கள்.

இதைக் கேட்டபோது என் பழைய வியாதி கிளம்பியது. துவக்கும் தோட்டாவும் சேர்ந்து இருபதில் ஒன்று தவறுகிற சோடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மோசமான சோடி. அது இருபது சூடும் பிசகாமல் சுடுவதற்கு நிகழ்தகவு என்ன? 0.95ஐ இருபது தடவை பெருக்கினால் 0.36. பத்துக்கு மூன்று நாலு தடவை இந்த மோசமான சோடி பரீட்சையில் நூறு புள்ளி வாங்கிவிடும். மருமகன் ஐம்பது சுட்டிருந்தான், ஒன்றும் தவறவில்லை. நூறுக்கு ஆறு தவறுகிற சோடிகூட ஐம்பதைத் தாண்ட இருபதுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சுருக்கு வழி ஒன்று இருக்கிறது: தவறில்லாமல் சுட்ட எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால், தவறும் வீதத்துக்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல்வரம்பு கிடைக்கும். ஐம்பதுக்கு 6 வீதம். இருநூறுக்கு 1.5.

"அப்ப இருநூறு சுடச் சொல்லுறியளோ? மாமா, இது என்ர காசு."

"உன்ர காசுதான். உயிரும் உன்ரதானே."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு சமரசம் செய்தோம். அதே நிறை, அதே வேகம் வரும் மலிவான பயிற்சித் தோட்டாவால் துவக்கின் பொதுவான நடத்தையைப் பார்ப்பது, தற்காப்புத் தோட்டாவை மாதம் இருபதாகச் சுட்டுக் கூட்டிக்கொண்டு போவது. மூக்கின் வடிவம் வேறு என்பதால் பயிற்சித் தோட்டாவின் கணக்கை இதோடு கலக்கக் கூடாது என்று இரண்டு நிரல் போடச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை: இரண்டு மகசினுக்கும் 1, 2 என்று இலக்கம் எழுது.

பங்குனியில், 137ஆவது தற்காப்புத் தோட்டா மூக்கு முட்டி நின்றது. சரிவில் இடித்து, ஸ்லைட் (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகம்) பாதியில். மருமகன் மனமுடைந்து போனான், தோட்டாவை மாற்ற வேண்டும் என்றான். நிரலைப் பார் என்றேன். மகசின் 2, கடைசித் தோட்டா. பயிற்சித் தோட்டாவின் நிரலில் மூன்று தடங்கல் இருந்தன, அவன் அவற்றை 'மலிவுச் சாமான்' என்று விட்டிருந்தான். மூன்றும் மகசின் 2, மூன்றும் கடைசி அல்லது அதற்கு முந்தியது. மகசின் 1இல் ஒன்றுகூட இல்லை.

சுருள்வில். மகசின் நிறைந்திருக்கும்போது வில் நன்றாக அமுங்கியிருக்கும், தள்ளும் விசை கூட. கடைசித் தோட்டாவில்தான் விசை ஆகக் குறைவு. தளர்ந்த வில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும், ஸ்லைட் வருமுன் தோட்டாவை உயர்த்த முடியாமல். ஊக்கின் விதி, பள்ளிக்கூடப் பாடம். சில டொலர் வில் ஒன்று மாற்றினான். கணக்கைப் பூச்சியத்திலிருந்து தொடங்கச் சொன்னபோது இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை. இதை எழுதும்போது புது வில்லோடு 80, தடங்கல் இல்லை. மூன்றை எண்பதால் வகுத்தால் என்ன என்று அவனே எனக்கு எழுதி அனுப்புகிறான்.

சனிக்கிழமைகளில் கடையில் நிற்கும் அவன் மனைவிக்கு இந்தத் துவக்கின் உதைப்புப் பிடிக்கவில்லை, தொடமாட்டேன் என்றுவிட்டா. அன்றைக்குப் பிஸ்டல் பெட்டகத்திலேயே கிடக்கும், கடையும் இருட்டுக்கு முன் பூட்டப்படும். தோட்டாத் தெரிவுக்கு இதில் வேலை இல்லை.

வெலிசறை

இதற்கிடையில் இங்கே அண்ணரின் கதை முடிந்தது. 2024 கடைசியில், தனிப்பட்ட பாதுகாப்புக்கு வழங்கிய சுடுகலன்களையும் தோட்டாக்களையும் வெலிசறைக் கடற்படைத் தளத்தில் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நவம்பர் 7 என்றார்கள், பிறகு தவணை கொடுத்தார்கள். அண்ணர் தவணைக்குக் காத்திருக்கவில்லை. வான் பிடித்து, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடியப்புறம் வெளிக்கிட்டோம். நானும் கூடப் போனேன். வாடை தொடங்கி மழை பிடித்திருந்தது, கந்தளாய் தாண்டும்வரை அண்ணர் வாயே திறக்கவில்லை.

தோட்டாக்களைப் பிளாஸ்ரிக் டப்பா ஒன்றில் போட்டுக் கொண்டுபோயிருந்தார், வாரை வீட்டில் விட்டிருந்தார். மேசையில் இருந்தவர் எண்ணினார். ஆறு பழுப்பு, ஆறு பச்சை. பச்சையில் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு வைத்தார். பன்னிரண்டு என்று பற்றுச்சீட்டில் எழுதினார்.

திரும்பி வரும்போது தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு இறங்கினோம். "அந்த ஆறும் வெடிச்சிருக்குமோடா?" என்று அண்ணர் கேட்டார்.

"தெரியாது அண்ணை" என்றேன். "சுட்டுப் பார்க்கேல்லையே."

வார் இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறிய மனமில்லை என்று அவர்தான் தந்தார். ஆறு தோல் வளையங்களிலும் உள்பக்கம் பச்சையாக ஒரு கோடு ஓடுகிறது. வேணியரும் அதே லாச்சிக்குள்தான்.